அழித்த மாதிரி

டிபன் பாக்ஸில் வந்தன ஐந்து ஃப்ளாப்பிகள்.
ரப்பர் பேண்டு இற்றுப்போய்
மேல் உறையில் ஒட்டிக் கிடந்தது.
வெள்ளக்கல்பட்டிப் பக்கம் மூடிப்போன குவாரியின்
சம்பளக் கணக்கு,
தொண்ணூற்று மூன்று முதல் தொண்ணூற்றெட்டு வரை.
"பி.எஃப். ஆபீஸ்ல ஆதாரம் கேக்கறாங்க மேடம்,
யாரு யாரு வேலை பாத்தாங்கன்னு
இதுலதான் இருக்கு"
என்றார் சங்கத்துப் பொருளாளர் அர்த்தநாரி.
ஒன்றை எடுத்துத் தட்டினேன்.
மேசையில் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள்.
கல்லும் கூடவே வந்திருந்தது.

பழைய பஸ் ஸ்டாண்டு மாடிக் கடையில்
டிரைவ் ஒன்று கிடைத்தது,
நாளுக்கு நூறு ரூபாய் வாடகை.
நான்கைப் படித்தது. ஐந்தாவது
தொண்டையைச் செருமிக்கொண்டே இருந்தது,
பேசவில்லை.

திறந்தால்
கட்டம், குறுக்குக்கோடு, தொப்பி போட்ட ஏ, பவுண்டு குறி.
இந்த ஒரு கணக்குக்கென்றே
எவனோ செய்த எழுத்துரு.
அதில் பெத்தாயிக்குக்
கொம்பு முதலில் வருகிறது, பின்னாலேதான் ப.
கையால் எழுதும் வரிசை அது.
இன்றைய கணினிக்கோ
முதலில் ப வேண்டும், கொம்பு அப்புறம்;
காட்டும்போது மட்டும் முன்னால் நிறுத்திக்கொள்ளும்.
ஒரு ராத்திரி முழுக்கக்
கொம்புகளைப் பிடித்துப் பிடித்துப்
பின்னால் கட்டினேன்.
ஒரு விதி தப்பியதில்
மாதேசுவின் இரட்டைக் கொம்பு
பக்கத்து மா-வில் போய் முட்டியது.

பெயருக்குப் பத்து இடம்தான்.
வெள்ளையம்மாள் கச்சிதமாக நுழைந்துவிட்டாள்.
செல்லாண்டியம்மாளுக்குப் போதவில்லை,
காலும் ள்-ளும் வெளியே விழுந்துவிட்டன.
செல்லாண்டியம்ம.
நான் சேர்க்கவில்லை.
ஆதாரத்தில் கை வைக்கக் கூடாது.

கணக்குதான் உதைத்தது.
கோப்பின் தலையில் முந்நூற்று எண்பத்தெட்டு பேர்.
அர்த்தநாரி வைத்திருந்த பழைய பிரின்ட் அவுட்டில்
முந்நூற்று நாற்பத்தேழு.
இரண்டு முறை எண்ணினேன்,
மூன்றாம் முறை விரல் வைத்து.

அந்த மென்பொருளை எழுதிய
அம்மாபேட்டை இளவழகன்
இப்போது ஆத்தூரில் சேகோ ஏஜென்சி வைத்திருக்கிறார்.
நம்பர் கிடைக்க நாலு நாள் ஆனது.
"எல்லாம் மறந்துபோச்சு மேடம்" என்றவர்
கொஞ்ச நேரம் கழித்து,
"ஒவ்வொரு வரியிலயும் முதல் எழுத்தைப் பாருங்க" என்றார்.
"டெலீட்டுன்னு பட்டன் வெச்சேன்,
ஆனா அழிக்கற வேலையை எழுதவே இல்ல.
அப்ப டிஸ்க்கு ரொம்ப மெதுவு.
முன்னாடி ஒரு நட்சத்திரம் போட்டுட்டு
திரையில மறைச்சிடுவேன்.
அழிச்ச மாதிரி."
பின்னால் யாரோ மூட்டை எண்ணிக்கொண்டிருந்தார்கள்.
"முதலாளி கேக்கல. நானும் சொல்லல."

நாற்பத்தொரு நட்சத்திரங்கள்.
எல்லாம் ஒரே நாளில்:
பதினான்கு, எட்டு, தொண்ணூற்றாறு.
ஏன் என்பதற்குக் கட்டம் இல்லை.
டோக்கன் எண், பெயர், நாள் கூலி, பிடித்தம்.
மூன்று வருடம், மாதம் தவறாமல்,
பிடித்தம்.

கமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்தாக்கினேன்.
எதிலும் திறக்கும்,
சாவி கேட்காது, சந்தா கேட்காது.
நட்சத்திரத்தை அதன் இடத்திலேயே விட்டேன்.
நாற்பது கேபி.
அஸ்தம்பட்டி சிக்னலில் நின்றிருந்த அர்த்தநாரிக்குச்
சிவப்பு மாறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டது.

சாயங்காலம் கூப்பிட்டார்.
"சில பேருக்கு நட்சத்திரம் போட்டிருக்கே மேடம்,
நல்லா வேலை செஞ்சவங்களா?"
சொல்ல வாயெடுத்தேன்.
அதற்குள் அவர் அந்தப் பக்கம் திரும்பி
யாருக்கோ சத்தமாகப் படிக்க ஆரம்பித்துவிட்டார்:
பெத்தாயி. மாதேசு. செல்லாண்டியம்ம...

"ம்மாள்" என்றது ஒரு பெண் குரல்,
கொஞ்சம் கோபமாக.